மழுப்பாத போன்

அண்ணா, இந்தக் கடிதத்தை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி, சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன். அழகுக்காக ஒரு சொல்லைக் கூட்ட மாட்டேன், யாராவது கண்ணை உருட்டுகிறார்கள் என்பதற்காக ஒரு சொல்லைக் குறைக்கவும் மாட்டேன். அம்மாவின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்குமாம், அதனால்தான் நான் எழுதுகிறேனாம். அப்படி எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இனி வருவது அம்மா பேசுவது.

என் பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். நீயும் நலம் என்று வாரா வாரம் போனில் சொல்கிறாய், ஆனால் காதால் கேட்டதை நம்பி எனக்குப் பழக்கமில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்கிறவள் நான். எந்தச் சட்டையும் என்னிடம் வந்து நான் நல்லா இருக்கேன் என்று சொன்னதில்லை, உள்பக்கத்தைத் திருப்பி, தையலில் நகத்தை ஓட்டிப் பார்த்துத்தான் பாஸ் பண்ணுவேன். உன்னைத் திருப்பிப் பார்க்க எனக்கு வழியில்லை. முகத்தைக் காட்டுடா என்றால் உங்க போன்ல வீடியோ கால் வராதும்மா என்கிறாய். ஏன்டா குரல் ஒரு மாதிரி இருக்கு என்றால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு லைன் வேண்டாம் பார், அதனால் எழுதுகிறேன். நாலு மாதமாக உன் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. போன மாதம் நான் அழுத பிறகு ஒரு படம் அனுப்பினாய். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே உன் தழும்பைக் காணோம். ஆறு வயசில், நான் வீட்டில் தைத்துக்கொண்டிருந்தபோது ஓடிவந்து மெஷின் மேஜை முனையில் இடித்துக்கொண்டாயே, மூன்று தையல் போட்டார்களே, அந்தத் தழும்பு. உலகத்தில் நான் நகம் ஓட்டிப் பார்க்காத தையல் அது ஒன்றுதான்.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பீஸுக்கும் உள்பக்கம் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு பீஸ் வந்தால் ஒன்று யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள், இல்லை ஏதோ கோளாறை மறைத்திருக்கிறார்கள். பாஸும் பண்ணாமல் தள்ளவும் தள்ளாமல் மேஜை ஓரத்தில் தனியாக வைத்துவிடுவேன். உன் படத்தையும் மனசில் அப்படித்தான் தனியாக வைத்தேன். இது பழைய படமா, வேறு யார் முகத்தையாவது ஒட்டி அனுப்பினானா, இல்லை அம்மா உண்டாக்கிய தழும்பு வேண்டாம் என்று டாக்டரிடம் போய் அழித்துக்கொண்டானா என்று என்னென்னவோ நினைத்தேன். உன் அப்பாவிடம் சொன்னேன். பஸ் டிப்போவில் டயரைத் தட்டிப் பார்த்தே எந்தச் சக்கரம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்கிற மனுஷன், என்னிடம் சொன்ன பதில் என்ன தெரியுமா, ஏழு கடல் தாண்டி எவன்டி உன் பையனை மாத்தி வைக்கப் போறான், இவன் சாப்பாட்டுக்கே அவனுக்குக் கட்டுப்படியாகாது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அவரே, சரி, புதுப் போன் ஒண்ணு வாங்கிடுவோம், அப்புறம் என்ன சாக்குச் சொல்றான்னு பார்த்துடுவோம் என்றார்.

கையிலிருந்த பணத்துக்கு இரண்டே இரண்டு போன்தான் தேறியது. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று நீலம், மெலிசு, முதுகில் மூன்று கேமரா. மற்றது கறுப்பு, கொஞ்சம் தடிமன், கேமரா இரண்டு, பார்வைக்கு ஒன்றும் இல்லை. கடைக்குள்ளே எத்தனை டியூப்லைட் என்கிறாய், நடுப்பகல் வெயிலிலிருந்து உள்ளே போனால் வெளியேதான் இருட்டு என்று தோன்றும். அவ்வளவு வெளிச்சம் போட்டு வைத்திருக்கிற இடத்தில் எனக்கு எப்போதும் சந்தேகம். சாயம் ஒட்டாத துணியை இப்படி விளக்குக்குக் கீழேதான் காட்டுவார்கள், நாங்கள் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். கடைக்காரர் நீலத்தையே என் பக்கம் தள்ளினார், கவர் இனாம், காதில் மாட்டுகிற ஒயர் இனாம் என்றார். இனாம் கொடுக்கிறவன் எதையோ கழிக்கப் பார்க்கிறான் என்று உன் தங்கையைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே டப்பாவைத் திருப்பி, எறும்பு எழுத்தில் இருந்ததையெல்லாம் நோட்டில் காப்பி பண்ணிக்கொண்டிருந்தாள். வேகமாகச் சார்ஜ் ஏறும்னு போட்டிருக்கீங்க, பக்கத்தில ஒரு நட்சத்திரம் இருக்கே, அது எதுக்கு என்று கேட்டாள். கடைக்காரர் அது டிசைன் பாப்பா என்றார். இவள் டப்பாவின் அடியில் இன்னொரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அதற்கான சார்ஜர் தனியாக வாங்க வேண்டும் என்று உரக்கப் படித்தாள். உள்ளே இடம் நிறைய என்றார், திறந்து பார்த்தால் நாங்கள் கேட்காத விளையாட்டும் கடையுமாகப் பாதி இடம் அடைந்து கிடந்தது. குடி வருவதற்கு முன்னாலேயே சாமான் இறக்கின வீட்டுக்கு யாராவது வாடகை கொடுப்பார்களா? கறுப்பில் உள்ளிடம் குறைவுதான், ஆனால் மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம், பேட்டரியும் பெரியது. உன் அப்பா இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து எடை பார்த்து, கறுப்புத்தான் கனமா இருக்கு, ஆனா மூணு கேமரா மூணு கேமராதானே என்று இழுத்தார்.

அந்த மூன்றைத்தான் நான் விடவில்லை. உன் தங்கையைப் போனைப் பிடிக்கச் சொல்லி, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது என் விரலால் ஒவ்வொரு கண்ணாக மூடினேன். முதல் கண்ணை மூடினால் திரை இருண்டது. இரண்டாவதை மூடினேன், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதை மூடினேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மூணுல ரெண்டு குருடா என்று கேட்டேன். இல்லக்கா, அது ஆழம் பார்க்கிறதுக்கு என்றார். ஆழம் பார்க்க நான் என்ன கிணறா என்றேன். எங்கள் மேஜைக்குச் சில சட்டை வரும், மேலே பாக்கெட் மூடி தைத்திருக்கும், உள்ளே பை இருக்காது. இது அந்த ஜாதி.

கடைசியில் படம் எடுத்துப் பாருங்கக்கா, அப்புறம் பேசுங்க என்று நீலத்தால் எங்கள் இரண்டு பேரையும் படம் எடுத்துக் காட்டினார். உன் தங்கையின் நெற்றிப் பருவைக் காணோம், அம்மை போட்ட குழியைக் காணோம். என் கன்னத்துக் கருந்தேமலும் போயே போய்விட்டது, சுடச்சுட இஸ்திரி போட்ட மாதிரி ஒரு முகம். பாருங்க, பத்து வயசைக் குறைச்சிடுச்சு என்றார். குறைச்ச பத்து வயசை எங்கே வச்சிருக்கீங்க என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எது செய்யுது, எங்கே செய்யுது, காட்டுங்க என்றேன். திரையின் ஓரத்தில் ஒரு கோடு இருக்கிறது, அதில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பூஜ்யத்துக்குத் தள்ளினால் என் தேமல் திரும்பி வந்தது, இவள் பரு வந்தது. வாங்கும்போதே அது பாதிக்கு மேல்தான் இருக்குமாம், பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். கறுப்பிலும் அந்தக் கோடு உண்டு, ஆனால் அதில் புள்ளி பூஜ்யத்தில் இருந்தது. (இதை நான்தான் சேர்க்கச் சொன்னேன் அண்ணா. கறுப்பு யோக்கியம், நீலம் அயோக்கியம் என்று மட்டும் எழுதினால் அது முழு உண்மை ஆகாது.) கறுப்பையே வாங்கினோம். இனாம் கவர் இல்லை, உன் அப்பாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உன் தழும்பை டாக்டர் அழிக்கவில்லை, நீயும் அழிக்கவில்லை, உன் போன்தான் அழித்திருக்கிறது. உன்மேல் சந்தேகப்பட்டதற்கு அம்மாவை மன்னித்துவிடு. ஆனால் பெரியவனே, தழும்பை அழித்த மெஷின் அதோடு நின்றிருக்குமா? வீட்டுக்கு வந்ததும் உன் படத்தைப் புதுப் போனில் ஏற்றி, பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். முகம் வழுவழுவென்று நன்றாகத்தான் இருந்தது. முகத்தை விட்டுவிட்டு நான் சட்டையைப் பார்த்தேன். நீ கிளம்பும்போது நான் தைத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை. காலர் பதினைந்தரை இன்ச், மேல் பட்டனைப் போட்டால் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு விரல்தான் போக வேண்டும் என்று அளந்து தைத்தேன். படத்தில் மேல் பட்டன் போட்டிருக்கிறாய், மூன்று விரல் போகும். தோளில் இருக்க வேண்டிய தையல் கைக்கு இறங்கிக் கிடக்கிறது. முகத்தை மழுப்பின மெஷினுக்குக் காலரை மழுப்பத் தெரியவில்லையடா. சட்டை தளர்ந்துபோச்சும்மா என்று சொல்லாதே, அந்தத் துணி சுருங்குமே தவிர நீளாது. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

உடம்புக்கு என்ன? அங்கே கிடங்கில் பார்த்த வேலை போய்விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லையா, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாயா? எதுவாக இருந்தாலும் யாரும் திட்ட மாட்டோம். திரும்பி வருகிறேன் என்றாலும் வா, உன் தட்டும் டம்ளரும் அலமாரியில் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அம்மா பயப்படுவாள் என்று மறைக்காதே. மறைத்தால்தான் எனக்குப் பயம், தெரிந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கப் போய்விடுவேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே உன் போனில் அந்தக் கோட்டைத் தேடிப் பூஜ்யத்துக்குத் தள்ளு. பகலில், அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிரே நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்காத எதையும் நான் பாஸ் பண்ணினதில்லை.

(அண்ணா, இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். அண்ணனை மட்டும் உண்மை சொல்லச் சொல்றியே, நீ சொன்னியாம்மா என்று கேட்டேன். பெரிய நீதிபதி வந்துட்டா, எழுதுடி என்றாள். முதல் வரியிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன், இனி அதை அடிக்க முடியாது என்றேன். அப்பா வாசலிலிருந்தே, அவ கேக்கறது நியாயம்தானே என்றார். அம்மா அப்பா பக்கம் ஒருமுறை திரும்பினாள். பிறகு, சரி எழுதித் தொலை என்றாள்.)

நாங்கள் மூன்று பேரும் நலம் என்று மேலே சொன்னதில் ஒரு ஆள் குறைகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் கம்பெனிப் படிக்கட்டில் சட்டைக் கட்டோடு விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, முழங்கை வரை மாவுக்கட்டு. இன்னும் மூன்று வாரம் வேலைக்குப் போகக் கூடாது. என் கையெழுத்து அவ்வளவு மோசமில்லை. நீ பயந்துகொண்டு வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று மறைத்தேன். நீயும் எதற்காக மறைத்திருப்பாய் என்று இப்போது தெரிகிறது, என் வயிற்றில் பிறந்தவன்தானே. முதலில் எங்கள் படம் உனக்கு வரட்டும், பிறகு உன் படம் இங்கே வரட்டும். உன் அப்பா உனக்குச் சொல்லச் சொன்னது இவ்வளவுதான், எந்த ரோட்டிலும் நிறுத்தி ஒருமுறை டயரைத் தட்டிப் பார்த்துக்கொள். உடம்பு தேறி, கழுத்து அந்தக் காலர் அளவுக்குத் திரும்ப, நூறு வருஷம் நன்றாக இரு என் ராசா. கோட்டைப் பூஜ்யத்தில் வைக்க மறக்காதே.

உன்னை நம்பக் காத்திருக்கும்,
அம்மா

அண்ணா, மேலே உள்ள கோணல் கையெழுத்து அம்மா இடது கையால் போட்டது. படத்தைப் பிரின்ட் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். அதை எடுக்கும்போது அம்மா முதலில் மாவுக்கட்டின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டாள், பிறகு அவளே எடுத்துவிட்டாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போதே படம் எடுபட்டுவிட்டது, வேறு எடுக்கவில்லை. புள்ளி பூஜ்யத்தில் இருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன.