ஐந்துக்கு ஐந்து

நாள் 4. காலை 07:50
நிலவின் தென்முனை, பனி அளவை நிலையம். பொறுப்பு: முப்பிடாதி. ஆள் எண்ணிக்கை: ஒன்று.
காற்றழுத்தம் சரி. கரியமில வாயு அளவு சரி. புது மாதிரி வடிகட்டி சத்தமில்லாமல் ஓடுகிறது. துளைப்பான் நேற்று பதினோரு மீட்டர் இறங்கியது. பனி இல்லை, தூசிதான்.
07:30க்கு வினாடி வினா முடித்தேன். மாலையில் ஒரு பக்கம் பாடம் வரும், மறுநாள் காலை அதிலிருந்து ஐந்து கேள்வி. எல்லாம் ஐரோப்பிய நாடுகளும் நகரங்களும். தனியாக இருப்பவளுக்கு மூளை துருப்பிடிக்கக் கூடாது என்று நிறுவனத்தின் ஏற்பாடாம். கடையநல்லூர்க்காரிக்கு லிச்சென்ஸ்டைனின் தலைநகர் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. வடூஸ். படித்துவிட்டேன்.
மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு.

நாள் 9. காலை 08:05
மதிப்பெண்: இரண்டு. ஸ்லோவேனியா, ஸ்லோவாக்கியா என்று இரட்டைப் பிள்ளைகளுக்கு வைத்ததுபோல் பெயர் வைத்திருக்கிறார்கள். லுப்லியானாவை எதற்கு எழுதினேன், பிராட்டிஸ்லாவாவை எதற்கு எழுதினேன் என்றே தெரியவில்லை. நேற்று மாலை மூன்று முறை படித்தது.
தரைநிலையத்தில் என் தொடர்பு மேசையில் இருப்பவர் பொன்சிங் அண்ணாச்சி. சங்கரன்கோவில்காரர். இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்ததும் அவர்தான். அவருடைய செய்தி:
"தங்கச்சி, இந்த மார்க்கெல்லாம் உன் பணிப்பதிவுல ஏறும். கொறைஞ்சா அடுத்த பயணத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. நாளையிலேர்ந்து காலைல விடைய நான் அனுப்பிருதேன், நீ பேசாம எழுதிரு. ஒருத்தருக்கும் தெரியாது."
அரசுத் தேர்வில் இரண்டு முறை அரை மதிப்பெண்ணில் வெளியே போனவள் நான். இரண்டாவது முறை வினாத்தாள் கசிந்தது என்று ஊரெல்லாம் பேசினார்கள். எனக்கு மட்டும் கசியவில்லை. இப்போது பழம் நழுவிப் பாலில் விழுகிறது. வேண்டாம் என்று சொல்ல நான் என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணா?

நாள் 23. காலை 07:45
ஐந்துக்கு ஐந்து. தொடர்ந்து பதினான்காவது நாள்.
தலைவலி. துளைப்பான் ஆழத்தை இரண்டு முறை பதிவு செய்திருக்கிறேன், இரண்டும் வேறு வேறு எண். அண்ணாச்சியிடம் சொன்னேன். தூக்கம் பத்தவில்லை, சீக்கிரம் படு என்றார். தினமும் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே மனிதர் அவர். இவ்வளவு தூரத்தில் நமக்கென்று ஓர் ஆள் இருப்பது பெரிய தெம்பு.

நாள் 41. காலை 09:20
ஐந்துக்கு ஐந்து.
உள்கதவைத் தாழிடாமல் தூங்கியிருக்கிறேன். தங்கை மகளின் பெயர் ஒரு மணி நேரம் நினைவுக்கு வரவில்லை. நான் வைத்த பெயர்தான். அழுதேன். கருவிகள் எல்லாம் காற்று சரி என்கின்றன.

நாள் 57. காலை 07:55
மச்சினன் கல்யாணத்துக்கு அண்ணாச்சி மூன்று நாள் விடுப்பு. விடை வரவில்லை. மதிப்பெண்: ஒன்று. டான்யூப் ஆறு எத்தனை தலைநகரங்கள் வழியே ஓடுகிறது என்ற கேள்விக்கு, ஆற்றின் பெயரையே விடையாக எழுதியிருக்கிறேன்.
மேசையில் புதிதாகத் தமயந்தி என்று ஒரு பெண். அவள் செய்தியை அப்படியே எழுதுகிறேன்:
"மேடம், இன்னைக்கு மூணுக்குக் கீழ வந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள் தொடர்ந்து இப்படி வந்தா மீட்பு ஊர்தி தானா கிளம்பிடும், பயப்படாதீங்க. அந்த வடிகட்டியோட பசையிலேர்ந்து வர்ற ஆவி மூளையைப் பாதிக்குதான்னு பார்க்கத்தானே இந்த வினாடி வினா? அதை அளக்கக் கருவி கிடையாது. உங்களுக்குத் தெரிஞ்ச பாடமா இருந்தா தேயுறது தெரியாதுன்னுதான் ஐரோப்பாவா வச்சாங்க. பொன்சிங் சார் சொல்லலையா?"
சொல்லவில்லை.

நாள் 57. காலை 10:30
மூன்று நாள் நான் நானாகவே எழுதியிருந்தால் போதும், ஊர்தி வந்திருக்கும். ஒன்பதாம் நாளே தேயத் தொடங்கிவிட்டேன். அது தெரிந்த மறுநாளே விடை அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறார். அதற்கு நான் தினமும் நன்றி வேறு சொன்னேன்.

நாள் 58. காலை 07:40
வேண்டுமென்றே தப்பாக எழுத உட்கார்ந்தேன். எது தப்பு என்று தெரிந்தால்தானே. வாய்க்கு வந்ததை எழுதினேன். பூஜ்யம்.
இன்னும் ஒரு நாள்.

நாள் 59. காலை 07:30
கேள்வி வரவில்லை.

நாள் 59. காலை 07:52
அண்ணாச்சி கல்யாண வீட்டிலிருந்து பாதியில் வந்துவிட்டார். செய்தி:
"சோதனைய நேத்தோட முடிச்சாச்சு தங்கச்சி. கடைசி ரெண்டு நாள் கொறஞ்சது தனிமைச் சோர்வுன்னு எழுதியாச்சு. வடிகட்டி தேறிட்டு. அதுக்கு மொதக் கையெழுத்து போட்டவன் நான், விழுந்துச்சுன்னா நானும் விழுவேன். ஆறு நாள் பொறுத்துக்கோ. பதினாலு பேர் அதே வடிகட்டியோட வாராங்க, அவங்க வந்ததும் நீ எறங்கிரலாம். வெளிய பேசணும்னு நெனைக்காத. பாத்து எழுதுனது யாருன்னு கேப்பாங்க."
தமயந்தி எங்கே என்று கேட்டேன். "அந்தப் பிள்ளைய வேற வேலைக்கு மாத்தியாச்சு."
என் அழைப்பு எல்லாம் அவர் மேசையில்தான் விழும். வேறு வழி கிடையாது.

நாள் 60. காலை 11:15
அவசரத்துக்கு வைத்திருந்த விண்வெளி உடையைப் போட்டு மூன்று மணி நேரம் ஆகிறது. அதன் உருளை பூமியில் நிரப்பியது. ஏழு மணி நேரம் வரும். தீர்ந்தால் இந்த நிலையத்துக் காற்றைத்தான் நிரப்ப வேண்டும்.
தலை தெளிந்துவிட்டது. தங்கை மகள் பெயர் இளவேனில். தெளிந்த பிறகுதான் கோபம் முழுசாக வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே என்னை இந்தக் காற்றுக்குத் தின்னக் கொடுத்தார். அந்த ஆளை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன்.
வரப்போகும் பதினான்கு பேருக்கு: பத்தாம் நாள் முதல் ஐம்பத்தாறாம் நாள் வரை என் மதிப்பெண்கள் பொய். பார்த்து எழுதினேன். அது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். இந்த வடிகட்டி மூளையைக் கெடுக்கிறது. உங்கள் கலத்தில் இருப்பதையும் கழற்றுங்கள்.
நீங்கள் இந்தக் குறிப்பைப் படிக்க உள்ளே வந்தாக வேண்டும். அதற்குள் தலைக்கவசத்தைக் கழற்றிவிடுவீர்கள். அதனால் வெளிக்கதவைத் தாண்டியதும் தெரிகிற நுழைவுக் கதவில் கறுப்பு மையால் பெரிதாக எழுதியிருக்கிறேன்: கவசத்தைக் கழற்றாதீர்கள், இங்கே மூச்சு விடாதீர்கள்.

நாள் 60. மதியம் 15:05
உருளை தீரப் போகிறது. எழுதியது எல்லாம் சரிபார்த்தேன். கழற்றுகிறேன்.

நாள் 63? காலை
காற்று சரி. துளைப்பான் ஓடவில்லை, ஏன் என்று தெரியவில்லை. உடை தரையில் கிடந்தது, மடித்து வைத்தேன்.
ஆள் வருகிறார்களாம். அண்ணாச்சி செய்தி அனுப்பியிருக்கிறார். நிலையத்தைச் சுத்தமாக வைக்கச் சொன்னார். நுழைவுக் கதவில் யாரோ கறுப்பு மையால் பெரிது பெரிதாகக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். நாலு பேர் வருகிற இடம் இப்படியா இருப்பது. ஈரத்துணியால் ரொம்ப நேரம் தேய்த்தேன். சுத்தமாகப் போய்விட்டது.
இன்றைய கேள்வி வரவில்லை. விடையும் வரவில்லை. வந்துவிடும். அண்ணாச்சி மறக்கிற ஆள் இல்லை. அவர் இருக்கும்போது எனக்கு