அப்பா எறிந்த கரி

ஓடும் ரயிலிலிருந்து நம் வீட்டு அடுப்புக்குக் கரி எறிந்த அப்பாவுக்கு,

உங்கள் செல்ல மகள் எழுதுகிறேன். செல்லம் என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம், கடிதத்தின் தலைப்பில் அப்படி எழுதிப் பழகிவிட்டது. நீங்கள் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரு திதிக்குக்கூட நான் வந்து உட்காரவில்லை, தம்பிதான் எல்லாம் செய்கிறான். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் நீராவி எஞ்சின் வண்டியில் போனோம்.

ஆமாம், நீங்கள் பயர்மேனாக நின்று கரி அள்ளிப்போட்ட அதே மாதிரிக் கறுப்பு எஞ்சின்தான். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வரைக்கும், நம் மெயின் லைனிலேயே. பழைய எஞ்சின் என்றால் உயிரை விடுகிற சிலர் சேர்ந்து இந்த உல்லாசப் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தக் காலத்து ஊழியர்களின் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். காரிமங்கலம் தாலுகா ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரர்தான் இதைச் சொன்னார். நான் உடனே இரண்டு பெயர் கொடுத்ததும், "அப்பா மேல எவ்ளோ பாசங்க ஒங்களுக்கு" என்றார். நான் மறுக்கவில்லை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? உங்களுக்காகப் போகவில்லை. அம்மாவின் வாயைக் கிளறத்தான் போனேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. புட்டிரெட்டிப்பட்டி தாண்டி, பொம்மிடி வருவதற்கு முன்னால், நம் கொல்லையை ஒட்டிய மேட்டில் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். நீளமாக ஒரு விசில், குட்டையாக இரண்டு விசில் கேட்டால் நீங்கள் கரி எறியப்போகிறீர்கள் என்று அர்த்தம். கடைசிப் பெட்டி போகிறவரைக்கும் புங்க மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பொறுக்க வேண்டும். அன்றைக்கு நான் மரத்தை விட்டு ஓடினேன். ஏன் ஓடினேன் என்பது மட்டும் எனக்கு நினைவில்லை. கரி வந்தது நினைவிருக்கிறது. அது என் இடது கண்ணில் விழுந்தது.

நீங்களும் அம்மாவும் அதை முள் என்றீர்கள். ரயில்வே கரியை வீட்டுக்கு எறிந்தது தெரிந்தால் உங்கள் வேலை போயிருக்கும், அது எனக்கும் புரிகிறது. டாக்டர் பாவம், முள்ளைத் தேடினார், கிடைக்கவில்லை, மருந்து போட்டு அனுப்பினார். உள்ளே தங்கிய கரித்தூள் சீழ் பிடித்து, பத்தாம் நாள் கண்ணையே எடுத்தார்கள். சரி, டாக்டரிடம் பொய் சொன்னீர்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடமும் ஏன் முள் என்றீர்கள்? நான் கரி என்று அழும்போதெல்லாம், "காய்ச்சல்ல ஒனக்கு ஏதோ தோணுது" என்றீர்களே, அது எதற்கு?

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதே கதைதான். "சின்னதுல அடங்காதுங்க. வேலி ஏறிக் குதிச்சி முள்ளு குத்திக்கிச்சிங்க." ஒற்றைக் கண், அதோடு அடங்காதவள் என்ற பட்டம் வேறு. மூன்று குடும்பம் காபி குடித்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசி நாள் ஞாபகம் இருக்கிறதா? என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கண்ணு விசயம்..." என்று ஆரம்பித்தீர்கள். "முள்ளுதானப்பா? முள்ளாவே இருக்கட்டும்" என்று கையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் காலையில் நீங்கள் இல்லை. பட வேண்டிய இடத்தில் பட்டது என்று ரொம்ப நாள் எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

அம்மாவுக்கு இப்போது நினைவு நிற்பதில்லை. காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. பழைய விஷயம் மட்டும் கேட்காமலே வாயில் வந்து விழும், மறைக்கவும் தெரியாது. புகையும் விசிலும் அந்த இடமும் ஒன்றாகச் சேர்ந்தால் கரி என்று சொல்லிவிடுவாள் என்று திட்டம் போட்டேன். இத்தனை வருடத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது அப்பா. ஒருவேளை முள்தானோ, நான்தான் பைத்தியமோ என்று. அதனால் எண்பது வயதுக்காரியை, கால் வீங்கிக் கிடந்தவளை, "நான் வரலடி" என்று கெஞ்சியவளை இழுத்துக்கொண்டு போனேன்.

உங்கள் எஞ்சின் பார்க்க ஜோராகத்தான் இருந்தது. மாலை போட்டு, சந்தனம் பூசி, கல்யாண மாப்பிள்ளை போல நிற்க வைத்திருந்தார்கள். ஆனால் பின்னால் ஒரு டீசல் எஞ்சின் மாட்டியிருந்தது. மேடு வந்தால் தள்ளுகிறது அதுதான், பேர் வாங்குகிறது இது. மொரப்பூரில் தீயணைப்பு வண்டி வந்து எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றியது. நீங்கள் பார்த்திருந்தால் நாள் முழுக்கக் கிண்டல் செய்திருப்பீர்கள்.

பெட்டியில் உங்கள் போட்டோவுக்குச் சால்வை போட்டார்கள். கரித்துகள் கண்ணில் விழும் என்று எல்லாருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். நித்யா என்ற பெண், ஏற்பாடு செய்தவர்களில் ஒருத்தி, வந்தவர்களின் அனுபவங்களைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்தபோது வண்டி புட்டிரெட்டிப்பட்டி தாண்டியிருந்தது. காத்திருக்கச் சொல்லி, மேடு ஏற ஆரம்பித்ததும் எடுக்கச் சொன்னேன். ஜன்னல் பக்கம் அம்மாவைத் தள்ளி உட்காரவைத்தேன்.

விசில் நீளமாக அடித்தது. அம்மா சட்டென்று எழுந்து, என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்தி, நல்ல கண்ணைக் கையால் பொத்தினாள்.

"கண்ண மூடுடி! அப்பா கரி போடறாரு!"

நாற்பது வருடம் காத்திருந்த வார்த்தை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் விடவில்லை.

"அன்னிக்கி ஏம்மா மூடச் சொல்லல?"

"நாந்தான தள்ளி வுட்டேன்" என்றாள். "கடைசிப் பொட்டி போறதுக்குள்ள பக்கத்து வூட்டுக்காரி பொறுக்கிக்கினு பூடுவா. ஓடு கண்ணு, ஓடுன்னு முதுவுல கைய வெச்சித் தள்ளுனேன். அவரு மேல இருந்து ஐயோன்னு கத்துனாரு. அதுக்குள்ள கரி கைய வுட்டுப் போயிடுச்சி."

"அப்ப முள்ளுன்னு யாரு சொன்னது?"

"அவருதான். கரின்னு ஒத்துக்கினா புள்ள ஏன் ஓடுனன்னு யோசிக்கும், நீ தள்ளுனது தெரிஞ்சா ஒங்கிட்டயே வராது. வூட்லயும் முள்ளுன்னே சொல்லு, என்னய வேணா திட்டிக்கட்டும்னாரு." பிறகு என்னை ஏறெடுத்துப் பார்த்து, "எங்கொழந்த கிட்ட சொல்லிடாதீங்க" என்று என்னிடமே கெஞ்சினாள்.

நல்லவராக இருந்து தொலைத்திருக்கிறீர்களே அப்பா! அதை ஒரு தடவை எனக்குத் தெரிகிற மாதிரி இருந்திருக்கக் கூடாதா? கடைசி நாளில் நீங்கள் சொல்ல வந்தது இதுதானா, வேறு ஏதாவதா? இனி யாரைப் போய்க் கேட்பேன்? நீங்கள் சொன்ன பொய்யால்தான் கண் போனது, அதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் மேல் வைத்திருந்த வெறுப்பில் பாதி அம்மாவுக்குப் போக வேண்டியது. அவளுக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தால், வாங்கிக்கொள்ள அவள் அங்கே இல்லை.

நித்யா போனை இறக்கியிருந்தாள். "மேடம், இத என்ன பண்ணட்டும்?" என்று மெதுவாகக் கேட்டாள். என் வாழ்நாள் முழுக்கத் தேடிய சாட்சி அந்தப் போனில் இருந்தது. "அழிச்சிடும்மா" என்றேன். என் எதிரிலேயே அழித்தாள்.

சேலத்தில் இறங்கி, அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். எந்த ரயிலில் வந்தோம் என்பதே அவளுக்கு அதற்குள் மறந்துபோயிருந்தது. நான் பிளாஸ்டிக் கண்ணாடியைக் கழற்றியதும் பதறிப்போய் என் முகத்தைத் தடவினாள்.

"அய்யோ, கண்ணுல என்னடி ஆச்சி?"

என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நானே வாய்விட்டுச் சொன்னேன்.

"வேலி முள்ளும்மா. சின்னதுல ஏறிக் குதிச்சிட்டேன்."

"அடங்கவே மாட்ட நீ" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். அன்று வீடு வந்து சேர்வதற்குள் இன்னும் நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் அதையே சொன்னேன், நான்கு தடவையும் குட்டு வாங்கினேன்.

அப்பா, உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்குக் கையை உருவிக்கொண்டு போன என்னையும் நீங்கள் மன்னிக்க வேண்டாம். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அவள் இருக்கிறவரைக்கும், எத்தனை தடவை கேட்டாலும், என் வாயில் கரி என்ற வார்த்தை வராது.

இப்படிக்கு,
வேலி ஏறிக் குதித்த உங்கள் அடங்காத மகள்,
சரசு