அந்த நான்கு நிமிடத்தை எடுத்துவிடு, அக்கா

காராங்சரி,
செப்டம்பர் 3

அன்புள்ள வெனிங் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அப்பா, அம்மா, நான், கோழியோடு சேர்த்து நாலு பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், ஜகார்த்தாவில் நீயும் அப்படியே இருக்க அல்லாஹ் அருள வேண்டும். வீட்டிலிருந்து உனக்கு வரும் கடிதமெல்லாம் அம்மா சொல்ல நான் எழுதுவது. இந்த முறை அம்மா எதுவும் சொல்லவில்லை. அவர்கள் தூங்கிய பிறகு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நானாக எழுதுகிறேன், அப்பா இருமும்போதெல்லாம் தாளை முறத்துக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்ப எடுக்கிறேன், எழுத்து நடுங்கியிருந்தால் குளிர் என்று நினைத்துக்கொள். குளிரும் இருக்கிறது. போன மாதம் மூன்று நாள் நம் மலையில் உறைபனி விழுந்து மேல் வயலில் உருளைக்கிழங்குச் செடி முழுக்கக் கருகிவிட்டது, கீழ் வயல் தப்பியது. உன் இருமல் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டிருப்பாள், நானும் கேட்கிறேன். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே.

சுதந்திர தினத்துக்கு முந்தின ராத்திரி எல்லோரும் திடலில் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்ட பிறகு, வாலிபால் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினார்கள். ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில், நம்ம ஊருப் பொண்ணு முதுகலைப் படிப்புக்காக எடுத்த படம், இனிமே சினிமாக்காரங்க நம்மகிட்ட வந்து கத்துக்கணும் என்றார். அவர் கேட்டதும் நீயேதான் அனுப்பினாயாம். அப்பா கோழியைத் துரத்தும் இடத்தில் திடலே சிரித்தது, அப்பாவும் சிரித்தார். நான் முன்வரிசையில் என் வகுப்புப் பெண்களோடு இருந்தேன், என் அக்கா என்று நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன். அப்புறம் படத்தில் அம்மா நம் அடுக்களையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அத அணைச்சிடும்மா, ஒண்ணு சொல்றேன் என்றாள். உன் குரல், அணைச்சுட்டேன், சொல்லு என்றது. நீ அணைக்கவில்லை அக்கா. கேமராவைத் தரைப் பக்கம் திருப்பி வைத்தாய். துணி முழுக்க உருளைக்கிழங்குத் தோலும் அம்மாவின் பாதமும், மேலே அவள் குரல் மட்டும். சின்னவ என் வயித்துல பொறந்தவ இல்லடி, உன் அத்த முர்தினி ஹாங்காங்ல வேலை பாத்துட்டு வரும்போது ஏழு மாசம், பெத்து நாப்பதாம் நாளு என் மடியில போட்டுட்டு பஸ் ஏறிட்டா, நான் அவளத் திரும்பிக்கூடப் பாக்கல, எங்க மனசு மாறி இறங்கி வந்துடுவாளோன்னு பயம். அவளுக்குத் தெரியுமா என்று நீ கேட்டாய். எதுக்குத் தெரியணும் என்றாள் அம்மா.

எனக்குத் தெரிந்தது அப்படித்தான், ஊரோடு சேர்ந்து. நான் எழுந்து வீட்டுக்கு வந்தேன். அன்று இரவே நீ அனுப்பிய செய்தியைப் பத்து தடவை படித்தேன். உண்மை தெரியுறது நல்லதுதான், ஒருநாள் நீயே எனக்கு நன்றி சொல்லுவே. இன்னும் அந்த நாள் வரவில்லை. பள்ளியில் மதிப்பெண் அட்டை கொடுத்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒருவன், எந்த அம்மாகிட்டடீ கையெழுத்து வாங்குவே, ஹாங்காங்குக்குத் தபால்ல போடுவியா என்றான், ஆசிரியர் கூடச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்பா வீட்டில் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். படம் எடுக்கப் படிக்க ரெண்டு வருஷமா, திருடக் கத்துக்க ஒரு ராத்திரி போதுமே. முன்பு நான் தூங்கும்போது அம்மா என் காலில் கம்பளியைச் செருகிவிட்டுப் போவாள், இப்போது கதவோரம் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறாள். அவள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைக்கிறேன்.

அத்தை போன வாரம் அம்மாவின் போனில் கூப்பிட்டாள், நான்தான் எடுத்தேன். ஊரிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுரபாயாவில் அவள் கணவருக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாதாம், மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான். அவரு கண்ணுல படுறதுக்குள்ள படத்துலேருந்து அத எடுக்கச் சொல்லு, இல்லாட்டி என்னை வாசல்ல நிறுத்திடுவாரு என்று அழுதாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வைக்கப் போகும்போது மட்டும், சாப்பிட்டியா என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

நீ படம் பிடிக்க வந்தபோது அந்த ஒப்புதல் தாளை நிரப்பியது நான். அம்மாவுக்குக் கையெல்லாம் ஈரம், நீயே படிச்சுப் போடுடி, உங்கக்காதானே என்றாள். படத்தை எங்கே காட்டலாம் என்று மூன்று கட்டம் இருந்தது, தேர்வாளர்கள் மட்டும், திரைப்பட விழா, இணையம். எதில் என்று கேட்டேன். நீ, மூணுலயும் போடு, அப்பதான் ஆபீஸ்ல வாங்குவாங்க, சும்மா சடங்கு என்றாய். உனக்கு நல்ல மதிப்பெண் வர வேண்டும் என்று அழகாக, மசி சிதறாமல் போட்டேன், சாட்சியாக என் பெயரையும், உறவு என்ற வரியில் மகள் என்றும் எழுதினேன். உன் பேராசிரியர் அந்த நான்கு நிமிடம்தான் படத்தின் உயிர் என்றாராம், நீயே போனில் அம்மாவிடம் சொன்னாய், எந்த நான்கு நிமிடம் என்று மட்டும் சொல்லவில்லை.

தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. ஆறாவது பத்தியில், விழாவுக்கு முன் பங்கேற்றவர் எழுத்தில் கையெழுத்திட்டுக் கேட்டால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்று இருக்கிறது. விழா அடுத்த மாதம். அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். அந்த நான்கு நிமிடத்தை எடுத்துவிடு. அது இல்லாமல் உன் பட்டம் தள்ளிப்போகும் என்று எனக்குத் தெரியும், அது தெரிந்துதான் கேட்கிறேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன், காலையில் அம்மாவிடம் நீட்ட எனக்கு எப்படித் தைரியம் வரும் என்று தெரியவில்லை, அவ படிப்பு கெட்டுடும், விட்டுடு என்பாள், அப்புறம் நான்

அக்கா, அம்மா வந்துவிட்டாள். தாளை மறைக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்து எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தாள், கம்பளி இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை படித்தாள். இனி அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். வெனிங், பட்டம் அடுத்த வருஷம்கூட வாங்கலாம். அணைச்சுட்டேன்னு நீ சொன்னத நான் நம்புனேன், அந்த நம்பிக்கைய நீ எப்ப வந்து திருப்பித் தரப்போறேன்னு எனக்குத் தெரியல. ஆனாலும் நோன்புக்கு வீட்டுக்கு வா, கேமரா இல்லாம வா. இருமலுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடி. நீ நல்லா இருக்கணும், உன் கண்ணு, கை, படிப்பு எல்லாம் நல்லா இருக்கணும். அவ்வளவுதான், போதும் என்கிறாள்.

சாட்சிக்கு என்ன உறவு என்று போன முறை கேட்டிருந்த வரியை இந்த முறை நான் வெறுமனே விட்டிருந்தேன். இத ஏன் விட்டுட்டே என்று என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். கடைசி வரி கோணலாக இருக்கும். அது என் கையெழுத்து இல்லை.

ஒப்புதலைத் திரும்பப் பெறுபவர்: காசியெம்
சாட்சி: துன்ஜுங்
உறவு: மகள்