உவன் ஆர்?

நல்லூர்,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன் மயூரதனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீ சுகம் என்று உன் செய்திகள் சொல்கின்றன. உன் குரல் அதைச் சொல்லிக் கேட்டுக் கொஞ்ச நாளாகிறது. கடதாசியில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தொலைபேசி என்றால் இடையில் வைத்துவிடுவாய். செய்தியாக அனுப்பினால், நீ பார்த்துவிட்டாயா என்று நான் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுத் தனுசியா அடுத்த கிழமை தன் தங்கையிடம், நீ இருக்கிற பேர்கனுக்கே வருகிறாள். பொதியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாகப் படி. ஒரேயொரு கேள்விதான் கேட்கப்போகிறேன். முன்பு கேட்டதுதான். அன்று நீ சரியான பதில் சொல்லவில்லை.

இங்கே மழை. கிணறு கை எட்டும் அளவுக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் நோ, ஆனால் சைக்கிளை விடுகிறாரில்லை. ரியூசனில் சுட்டெழுத்துப் படிப்பிக்கிறேன். அ, இ, உ மூன்றும் சுட்டு, இவற்றில் உகரச்சுட்டு இன்று வழக்கில் இல்லை என்று நோட்ஸில் இருக்கிறது. வாசித்துக் காட்டினேன். கடைசி வாங்கில் இருந்த ஒருத்தி, "ரீச்சர், உதை ஆர் எழுதினது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குக் கடைசியில்தான் விளங்கியது. வழக்கில் இல்லாத எழுத்தை வாயில் வைத்துக்கொண்டு அது வழக்கில் இல்லை என்று படிக்கிறோம். இவன் என்றால் என் பக்கத்தில் நிற்பவன். அவன் என்றால் நம் இருவருக்கும் தூரத்தில். உவன் என்றால், நான் யாரோடு கதைக்கிறேனோ அவருடைய பக்கத்தில். இதை விளங்கப்படுத்திக்கொண்டு நிற்கும்போதுதான் தம்பி, நாம் பார்த்த அந்த ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சி நினைவுக்கு வந்தது. 

தனுசியாவுக்கு அந்தக் கதையை இப்படித்தான் சொன்னேன். கடற்கரை ஊர் ஒன்று. அங்கே ஒரு தாயும் மகனும். மகன் மீன்சந்தையின் ஐஸ் அறைக்குள் போகிறான், கதவைத் திறந்தால் பழைய காலம். திரும்பி வர வழியில்லை. இரண்டு காலத்துக்கும் இடையில் ஒரு பழைய தொலைபேசி மட்டும் வேலை செய்கிறது. தாய் தினமும் அதன் பக்கத்தில் இருக்கிறாள். கடைசிப் பாகத்தில் மகன் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவனுக்குப் பின்னால் யாரோ இருமுகிறார்கள். தாய் யாரென்று கேட்கிறாள். ஒருவருமில்லை என்கிறான். அவள் மறுபடியும் கேட்கிறாள். திரை இருட்டாகிறது. அதோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். இருமியது யாரென்று இன்றுவரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தனுசியா, "இதுக்கோ அன்ரி இவ்வளவு காலமும் மண்டையை உடைக்கிறியள்?" என்றாள். ஓம் என்றேன்.

இணையத்தில் எல்லோரும் சொல்வது, தொடர் தொடங்குமுன்பே கடலில் போன தகப்பன்தான் அது என்று. நம்முடைய கொலின்ஸ் மாஸ்ரர் இன்னும் தன் பிடியை விடவில்லை. நேற்றும் பௌதிக வகுப்பு முடிந்து வந்து, "மகாதேவி ரீச்சர், அந்தக் கதவாலை வேறை ஒருத்தரும் போகேலாது. இருமினது அவனேதான், வயசுபோன அவன்" என்றார். அப்பா கதிரையில் கண்ணை மூடிக்கொண்டே, "சத்தம் பதிஞ்சவனுக்குத் தடிமன், இருமிப்போட்டான். மிச்சமெல்லாம் உங்கடை வேலையில்லா வேலை" என்றார். மாஸ்ரர் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்.

என் எண்ணம் வேறு. அதை உனக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை. எனக்காக நீ இரவிரவாக இருந்து தமிழில் சப்டைட்டில் எழுதினாய். அந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, கிட்டவும் இல்லை, தூரமும் இல்லை. யார் அது, அவ்வளவுதான். நீ எழுதியது 'உவன் ஆர்?' என்று. முதலில் பிழை என்று நினைத்தேன். புத்தகத் தமிழில் ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தவன் இந்த ஓரிடத்தில் மட்டும் ஊர்த்தமிழுக்கு ஏன் வழுக்கினான் என்று யோசித்தேன். பிறகு அந்தச் சொல்லே விடையைச் சொன்னது. பயந்தவள் உவன் என்று கேட்கமாட்டாள். கள்ளனையோ பேயையோ அப்படிக் கேட்பதில்லை. பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு பிள்ளை நின்றால் கேட்கிற சொல் அது. தாய்க்கு ஒரு மாரி காலம்தான் போயிருக்கிறது. மகனுக்கு அதற்குள் பல வருடம். அவன் அங்கே வாழ்ந்திருக்கிறான். வீடு, ஆட்கள், ஒரு குழந்தை. குழந்தை இருக்கிறது என்று சொன்னால் அம்மா இனித் தொலைபேசியருகில் இருக்கமாட்டாள் என்று நினைத்துத்தான் ஒருவருமில்லை என்றான்.

இதைத்தான் நீ கடைசியாகத் தொலைபேசியில் கதைத்த அந்த ஞாயிறு உனக்குச் சொல்லத் தொடங்கினேன். அப்போது உன் பக்கத்தில் யாரோ இருமினார்கள். சின்ன இருமல். தொடர்ந்து ஒரு சின்னக் குரல் அந்த நாட்டுப் பாஷையில் ஏதோ கேட்டது. நீ தொலைபேசியைக் கையால் பொத்தினாய். நான் சிரித்துக்கொண்டே "உவன் ஆர்?" என்றேன். பகிடி என்றுதான் நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. "ரீவி அம்மா" என்றாய். பிறகு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு வருவதெல்லாம் எழுத்துத்தான். சாப்பிட்டேன், வேலை, குளிர்.

தம்பி, எனக்குத் தெரியும் என்று சொல்ல வரவில்லை. நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம், மாஸ்ரருடையதைப் போல. ஆனால் வட்டுக்கோட்டைச் சம்பந்தத்துக்கு ஒரு வருடமாகப் பாப்பம், பாப்பம் என்கிறாய். நேற்று நானே போய் உன் சாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோபத்தில் இல்லை. அந்தப் பெண்பிள்ளையும் எத்தனை நாளைக்குக் காத்திருப்பது. உனக்குப் பெண் தேடுவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் நீ மூச்சு விடுவாய் என்று தோன்றியது. ஊர் கதைக்கும். கதைக்கட்டும். ஊருக்கு மாதத்துக்கு ஒரு கதை வேண்டும். குழந்தை உனக்குப் பிறந்ததா, அவனுடைய தாய்க்கு முன்பே இருந்ததா, அவர்கள் எந்த ஊர், எந்தச் சமயம், ஒன்றையும் இதில் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல். உன்னுடைய வருடங்கள் இங்கே இருந்து பார்த்தால் எனக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். எனக்கு நீ இன்னும் விமான நிலையத்தில் "போட்டு வாறன்" என்று சொன்னபடியே நிற்கிறாய்.

அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று இருந்தேன். நேற்று உன் பொதிக்கு மிளகாய்த்தூள் கட்டும்போது வந்து பக்கத்தில் நின்றார். அந்த ஞாயிறு தொலைபேசி சத்தமாகத்தான் இருந்தது, அவரும் கேட்டிருக்கிறார். எனக்குத்தான் அது தெரியாது. "இஞ்சரும், உவன் அங்கை இருமிக்கொண்டிருக்கிறான், நீர் இஞ்சை உறைப்புத்தூள் கட்டுறீர். மல்லி அவிச்சுக் குடுக்கச் சொல்லும்" என்றார். சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள் கடைக்குப் போனார். பொதியில் தனியாகக் கட்டியிருக்கும் கொத்தமல்லி அவர் வாங்கியது. சிவப்பு நூல் கட்டிய தூள் உனக்கு. வெள்ளை நூல் கட்டியதில் மிளகாயைக் குறைத்திருக்கிறேன். சின்ன வாய்க்கு அது போதும்.

அந்தத் தொடரில் தாய் கேட்ட பிறகு திரையை இருட்டாக்கிவிட்டார்கள். நீ அப்படிச் செய்யாதே ராசா. கொத்தமல்லியைச் சுக்கோடு அவித்து, இளஞ்சூட்டில், கொஞ்சம் பனங்கட்டி கடிக்கக் கொடு. இரவில் நெஞ்சை மூடிப் படுக்கவை. நீயும் தலை நனையாதே. நல்லூரான் உங்கள் எல்லோரையும் காப்பான். பிள்ளையின் பெயரை எழுத மறக்காதே. உவள் என்றால் என் எழுத்தைத் திருத்திவிடு. உவனையும் உவன்ரை அம்மாவையும் நாங்கள் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்
அம்மா