கோகோவின் உடைந்த பல்

ஆண்டர்சன்பேட்டை,
சித்திரை 14, ஞாயிறு.

என் கண்ணு ஸ்வப்னாவுக்கு ஆயா பார்வதம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பேசுவதை மாப்பிள்ளை ராகேஷும் கூடவே கேட்கிறார். நீயாக ஸ்பீக்கரில் போடுகிறாயா, அவர் போடச் சொல்கிறாரா, தெரியவில்லை. அதனால்தான் தீபாவளிக்கு முறுக்கு அனுப்பிய உன் ஆபீஸ் விலாசத்துக்கே எழுதுகிறேன். அஞ்சாங் கிளாஸ்தான் படித்தேன், ஆனால் என் கையெழுத்தை இந்த லைன் வீடுகளில் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. நிதானமாகப் படி. நீ மட்டும் படி.

முதலில் நாய் விஷயம். நீ எழுதிக் கொடுத்த காகிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்து, அதன்படிதான் கோகோவைக் கூண்டுக்குப் பழக்குகிறேன். முதல் நாள் மட்டும் தப்பு செய்துவிட்டேன். முதல் வாரம் கதவைச் சாத்தவே கூடாது என்று எழுதியிருந்தாய். ஆனால் உன் தாத்தா முப்பது வருஷம் ஷாஃப்ட் வாசலில் நின்று, சுரங்கத்துக்குள் ஆட்களைக் கேஜ் கூண்டில் இறக்கியவர். ஆள் ஏறினால் முதலில் கேட், பிறகுதான் பெல் என்று சோறு தின்னும்போதுகூடச் சொல்வார். அது என் கைக்கும் ஒட்டிக்கொண்டது. கோகோ பிஸ்கட்டுக்காக உள்ளே போனதும் சட்டென்று சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டேன்.

அது கத்தவில்லை. மூலைக்குப் போய், சுவர்ப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. நான் பதறிப்போய்த் திறந்தேன். திறந்த பிறகும் வெளியே வரவில்லை.

மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து விட்ட அன்று என்ன சொன்னார்? கூண்டில் போட்டால் ஓயாமல் குரைக்கிறது, அபார்ட்மெண்ட்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள், பழக்கிக் கொடுங்கள் என்றார். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றும் அவரே சொன்னார். இங்கே அது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிகூட ஒருநாளும் குரைக்கவில்லை. குரைத்தால் என்ன கிடைக்கும் என்று தெரிந்த பிராணிதான் இப்படி இருக்கும்.

முதலில் நீ அதை வாங்கிவந்த நாய்க் காப்பகத்துக்காரர்களைத்தான் திட்டித் தீர்த்தேன். அப்புறம் பக்கத்து வீட்டு எட்மண்ட் வந்தார். மைன்ஸில் வேலை பார்த்த காலத்திலிருந்து நாய் வளர்க்கிறவர். வாயைத் திறந்து பார்த்தார். முன்பல் ஒன்று பாதிக்குமேல் உடைந்திருக்கிறது.

“இன்னா பார்வதம்மாக்கா, இது கம்பியக் கடிச்சி ஒடைஞ்ச பல்லு. பழசு இல்ல. ரெண்டு மாசம்கூட ஆயிருக்காது” என்றார்.

காப்பகத்தில் எடுத்தது என்று மாசி மாசம் நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாய் கொட்டாவி விடுகிறது. பல் எல்லாம் முழுசாக இருக்கிறது. அப்படியென்றால் உடைந்தது உங்கள் வீட்டில்தான்.

நீ செய்திருக்க மாட்டாய். ஆறு வயசிலிருந்து உன்னை வளர்த்தவள் நான்.

இப்போது கிண்ணத்தை ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உள்ளே தள்ளி வைக்கிறேன். கோழிக்கால் சூப்பில் பிசைந்த ராகிக் களி என்றால் அதற்கு உயிர். நேற்று தானாகவே உள்ளே போய்ப் படுத்தது. அஞ்சு நிமிஷம் சாத்தி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். நிம்மதியாகத் தூங்கியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீ வீடியோவில் கூப்பிட்டாய். உன் குரல் கேட்டதும் கோகோ வாலை ஆட்டிக்கொண்டு போனை நக்க வந்தது. அடுத்து மாப்பிள்ளை “இன்னா ஆயா, நாய் எப்பிடிக்கீது?” என்று சிரித்தபடிதான் கேட்டார். அது கட்டிலுக்கு அடியில் போனது. அன்று முழுக்கச் சோறு தொடவில்லை. நீங்கள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள், நான் நாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உன்னைப் பார்த்தேன்.

இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு, ஸ்வப்னா? நான் எதைக் கேட்டாலும் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாய். சின்ன வயசில் நான் ஒன்று கேட்டால் நாலு பதில் சொல்வாய். நான் தப்பாகவும் நினைத்திருக்கலாம். தப்பாக இருந்தால் கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்துக்கொள். எனக்குக் கோபம் வராது.

சனிக்கிழமை சாயந்திர ரயிலில் வா. தனியாக வா. அவர் கேட்டால், நாய்க்கு ஊசி போட வேண்டும், தத்துக் காகிதத்தில் உன் பெயர் இருப்பதால் நீயே வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம் என்று சொல். ஊசி போன வாரமே போட்டாயிற்று. இந்தப் பொய் என்னுடையது, பாவமும் எனக்கே வரட்டும்.

மாற்றுத் துணி கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொள். உன் சர்டிபிகேட்டுகளையும் ஆதாரையும் துணிக்கு அடியில் வைத்துக் கொண்டு வா. நாய் ஊசிக்கு சர்டிபிகேட் எதற்கு என்று மட்டும் என்னிடம் கேட்காதே, கண்ணு.

மாரியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் ஆயா,
பார்வதம்மா