வெளுக்கப் போன பேனா வளையம்

இன்று காலை மாநகராட்சி ஆட்கள் சாக்கடையோரம் ப்ளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்த ஓடினாள். "கெடக்கட்டும் விடு கண்ணு" என்றேன். உங்கள் சட்டை வாசமல்லவா அது! பனியன் துணி வெளுக்கும் பட்டறையிலிருந்து வந்து, எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் உங்களை விட்டுப் போகாத வாசம். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு இன்றுதான் அது வீட்டுக்குள் வந்தது.

கூடவே அந்த ஆடி மாதக் காலையும் வந்துவிட்டது. அறுபதுகளில், நமக்குக் கல்யாணமான புதிது. மாப்பிள்ளைச் சீராக, வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியில் இருந்த என் அப்பா தன் பேனாவையே உங்களுக்குக் கொடுத்திருந்தார். அவரிடம் இருந்ததிலேயே உயர்ந்த பொருள் அதுதான். கிளிப்பிலும் மூடி வளையத்திலும் தங்கமுலாம். ஆனால் அவர் எடுத்து எடுத்துச் சொருகியதில் முலாம் தேய்ந்து, உள்ளே பித்தளை தெரிந்தது. உங்கள் அம்மாவுக்கு, அதான் அத்தைக்கு, அது போதாதா? "ஊத்துக்குளிச் சம்பந்தி வெண்ணெயிலதான் தாராளம். பேனாவப் பாரு, பல்லிளிக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நீங்கள் ஒவ்வொரு முறையும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஆடிக்கு என்னை அழைத்துப்போக அப்பா மதிய ரயிலில் வருவதாக இருந்தது. அன்றும் அத்தை அவர் முகத்துக்கு நேரே ஏதாவது சொல்லி, அன்றும் நீங்கள் வாயைத் திறக்காவிட்டால், ஊத்துக்குளிக்குப் போனவள் போனவள்தான், திரும்புவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூட எழுதவில்லை.

உங்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். விடிந்ததும் கிளிப்பையும் வளையத்தையும் கழற்றி, பட்டறையிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த வெளுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டீர்கள். எந்தக் கறையானாலும் அதில் போட்டால் போகும் என்பதுதான் உங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். நான் கிண்ணத்தை எட்டிப் பார்த்தபோது இரண்டும் கன்னங்கரேலென்று கிடந்தன.

"என்னங்க இது?"

"பளிச்சுனு வரும்னு நெனச்சேனுங்க" என்றீர்கள். எனக்கே 'ங்க' போட்டபோதுதான் நீங்கள் எவ்வளவு பயந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தது.

அடுப்புச் சாம்பலும் புளியும் எடுத்துக் குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன். கருப்புப் போயிற்று. மிச்சமிருந்த முலாமும் சேர்ந்து போயிற்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு கவரிங் கடைக்கு ஓடினீர்கள். வெளுப்புத் தண்ணீர் அரித்துக் குழி விழுந்ததை மட்டமாக்காமல் முலாம் நிற்காது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து, பித்தளை வளையத்தை மாட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தீர்கள்.

"அத்தை கேட்டாச் சொல்லுவீங்களா?" என்றேன்.

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' கேட்டதும், ஊருக்கு எடுத்துப்போகும் பையில் இன்னும் நான்கு புடவைகளை எடுத்து வைத்தேன்.

அப்பா வெண்ணெய்த் தூக்குடன் வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். தண்ணீர்கூடக் குடித்து முடிக்கவில்லை. அத்தை உங்கள் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி அவர் முன்னால் நீட்டினார்.

"பாருங்க சம்பந்தி. முலாம்னு சொன்னீங்க. அத்தனையும் பித்தளை. இதுக்குப் பேசாம ஒரு பென்சிலக் குடுத்திருக்கலாமுங்க."

அப்பா பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். தன் பொருள் எப்படி இப்படி ஆயிற்று என்று புரியாமல் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன். அழுகைகூட வரவில்லை, கோபம்தான் வந்தது.

"அம்மா, அது நல்ல முலாமுங்க."

உங்கள் குரல்தானா என்று நிமிர்ந்தேன்.

"நாந்தான் பட்டறைத் தண்ணில போட்டுக் கெடுத்துட்டேன். மாமா மேல ஒரு தப்பும் இல்லீங்க. இனிமே இந்தப் பேனாவப் பத்தி இந்த ஊட்டுல யாரும் பேச வேண்டாமுங்க."

அத்தை வெண்ணெய்த் தூக்கை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அப்பாதான் முதலில் சிரித்தார். "பனியன் வெளுக்கற கைக்குப் பேனாவும் பனியனாத் தெரிஞ்சிருக்குது. உடுங்க மாப்பிள்ளை" என்று அதை உங்கள் பையில் அவரே சொருகிவிட்டார்.

அதற்குப் பிறகு நீங்கள் அத்தையை எதிர்த்து அதிகம் பேசியதில்லை. எனக்குத் தேவையும் இருக்கவில்லை. சண்டை போட்ட நாட்களிலெல்லாம் அந்த ஒரு 'வேண்டாமுங்க'வை நினைத்துக்கொள்வேன், பாதிக் கோபம் இறங்கிவிடும். மீதிப் பாதியை உங்கள் மேல் காட்டியதற்குக் கணக்கில்லை, அது வேறு.

அன்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பியதும் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஆடி முடிஞ்சு நானே கொண்டாந்து உடட்டுமா கண்ணு?"

"வேண்டாமுங்கப்பா. அவரே கூட்டிட்டுப் போக வருவாரு" என்றேன்.