ஒரு விரல் குறைத்து ஊற்றிய தண்ணீர்

மச்சான்,

இன்று காலை உன் வீட்டுக் கூடத்தில் அந்தக் கணினிப் பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, தண்ணீர் டேங்கியின் மூடியைத் திருகினேன். புது மழைக்கோட்டைப் பிரித்தால் வருமே, அந்த வாசனை இன்னும் அப்படியே எழும்புகிறது. மூக்கில் ஏறியதும் நீ பின்னால் நின்று, "மெதுவா மச்சான், மெதுவா" என்று சொல்வது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தால் உன் நாற்காலியில் காயப்போட்ட துணி கிடந்தது.

இந்தத் தண்ணீர்ச் சாமான்களை வாங்கியது எந்த வருடம் என்று உன் மகள் கேட்டாள். எண்ணாகச் சொல்ல எனக்கு வராது. ஓட்டுப் போட்டு ஆட்சி மாறியதே, அந்த வருடம். புது அரசாங்கம் சாமான் வரியை எடுத்துவிட்டது என்று ஜனங்கள் டிவி, மெத்தை என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். நம் ஊர் பெண்டாங்கில் நெல் ஆலைக்குப் போகிற வழியில் இருந்த பெரிய மரம் காற்றில் சாய்ந்து பஸ் நிறுத்தத்தை அமுக்கியது. என் சின்ன மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். அவள்தான் இப்போது நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். எனக்கு வந்த காகிதத்தையெல்லாம் படித்துச் சொன்னவன் நீ. உனக்கு எழுத மட்டும் வேறு கை தேட வேண்டியதாகிவிட்டது.

அதற்கு முந்தின தீபாவளிக்குச் சற்று முன்னால்தான் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னதை நீ வெளியே நடைவழியில் நின்று என்னிடம் சொன்னாய். இனி எழுந்திருப்பது சந்தேகம், சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் அதிக நாள் தாங்குவாளா என்பதும் சந்தேகம். நீ கடையைக் காலி செய்துவிட்டு, கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற அந்தக் கணினியைத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தாய். அவள் கட்டிலும் கூடத்தில். அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள், அந்தப் பக்கம்தான் வலி இல்லை. நீ அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோ ஒரு மாப்பிள்ளை தாலி கட்டுவதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பாய்.

ஒரு மத்தியானம் நான் வந்தபோது நீ குளித்துக்கொண்டிருந்தாய். மெசின் மட்டும் ஒரு கல்யாணத்தைத் தானாக அரைத்துக்கொண்டிருந்தது. அறுவடை முடிந்த சமயம், ஆலையிலிருந்து வரும் உமித்தூசி விசிறிக்குள் புகுந்து, அது போட்ட சத்தம் வாசலிலேயே கேட்டது. கட்டிலில் பார்த்தால் தங்கச்சி காதில் பஞ்சை அடைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள்.

"என்ன தங்கச்சி, பல்லு வலியா?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே. கண்ணுதான் மூடமாட்டேங்குது."

"இந்தச் சத்தத்துக்கு யாருக்கு மூடும்? அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே."

"சொல்லாதீங்கண்ணே. அது ஓடுனாத்தான் சோறு. அவருக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியாதா?"

திருவிழாவிலும் கல்யாணத்திலும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கேமராவோடு நின்று நின்று உனக்கு இடது காது முழுசாகப் போயிருந்தது. வலது காதில் பாதி மிச்சம். நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் நான் உன் வலது பக்கம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் என்னை முறைத்தாள். நீ மெசினை நிறுத்தினாய். நிறுத்தியதும் அவள் முகம் தளர்ந்ததை நின்று பார்த்தாய். பிறகு, "எனக்குக் கேக்கவே இல்லையேடா" என்றாய். அதைச் சொன்னபோது உன் குரல் இருந்த விதம் எனக்கு இன்னும் பிடிக்காது.

நாலைந்து நாள் மெசின் ஓடவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் போன் செய்தபடி இருந்தார்கள். பிறகு ஒரு நாள் நீ சிரித்துக்கொண்டே என் வீட்டுக்கு வந்து கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரனைக் காட்டினாய். அவன் கணினிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"கிறுக்கனா இவன்?"

"இல்ல மச்சான். கார் எஞ்சின் மாதிரி. உள்ள மூளை மாதிரி ஒரு சில்லு இருக்கு, அதுதான் சூடாகுது. அது மேல ஒரு செம்புக் கட்டிய உக்கார வச்சி, அதுக்குள்ள தண்ணிய ஓட விட்டா, சூட்ட தண்ணி தூக்கிட்டுப் போயி ரேடியேட்டர்ல விட்டுரும். விசிறி மெதுவா சுத்துனா போதும். சத்தமே இருக்காது."

சாமான் வாங்க அலோர் ஸ்டார் டவுனுக்குப் போகுமுன் பெட்டிக்குள் டியூபு எந்த வழியில் போகவேண்டும் என்று பார்த்தோம். நீ தாளில் படம் போட்டாய். எனக்குப் படம் புரியாது. நான் கோணி தைக்கிற கயிற்றை எடுத்து, டேங்கியிலிருந்து பம்பு, பம்பிலிருந்து செம்புக் கட்டி, அங்கிருந்து ரேடியேட்டர், மறுபடி டேங்கி என்று வளைத்துக் கட்டி, டியூபு சேருகிற இடத்திலெல்லாம் முடிச்சுப் போட்டேன். தங்கச்சி தலையை மட்டும் திருப்பி, "ரெண்டு பேரும் மாடு பிடிக்கப் போறீங்களா, சாமான் வாங்கப் போறீங்களா?" என்றாள்.

கடையில் நீ படத்தைக் காட்டினாய், நான் கயிற்றை மேசையில் போட்டேன். அந்தச் சீனக் கடைக்காரம்மா படத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு கயிற்றை எடுத்து முடிச்சு முடிச்சாகத் தடவி, அதற்குத் தக்கபடி மூட்டுகளைத் தட்டில் எடுத்து வைத்தாள். உனக்குக் கொஞ்சம் கோபம்தான். "படம் போட்டவன் முட்டாளுலா" என்று முணுமுணுத்தாய்.

நீ அன்றைக்கு முதலில் ஆசைப்பட்டதெல்லாம் வேறு. சிவப்புத் தண்ணீர் வேண்டும் என்றாய். சாயம் போகப்போக அடியில் படியும், முதல் தடவை கட்டுகிறவர்களுக்குச் சும்மா தண்ணீர்தான் நல்லது என்றாள் அவள். கண்ணாடி மாதிரி விறைப்பான குழாயைச் சூடு காட்டி வளைக்கலாம் என்றாய். வளைக்கும்போது உன் கை நடுங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லவில்லை. "பால்மரம் வெட்டுனவன் நானு. ரப்பர் மாதிரி வளையிறதுதான் எனக்கு ராசி" என்று மெத்தென்ற டியூபைக் கையில் எடுத்துக்கொண்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "சரி, உன் ராசிக்கே எடு" என்றாய். ரேடியேட்டர் மட்டும் பழைய இரும்புக் கடையில் கிடந்த மோட்டார் சைக்கிளுடையதைப் போட்டுக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தாய். அது அலுமினியம், கட்டி செம்பு, இரண்டும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்றாள் அவள். "என் வீட்டுல நானும் அவளும் இருக்கலையா?" என்று நீ கேட்டாய். அவளுக்கு அது புரியவில்லை. நான்தான் சிரித்தேன். கடைசியில் செம்பு ரேடியேட்டரையே தடித்ததாகப் பார்த்து எடுத்தோம். தடிப்பாக இருந்தால்தான் விசிறி மெதுவாகச் சுற்றினாலும் போதுமாம்.

"லம்பு தா மாவ், அங்கிள்?" விளக்கு வேண்டாமா என்று மலாயில் கேட்டபடி அவள் விளக்குப் போட்ட விசிறிகளைக் காட்டினாள். வானவில் மாதிரி ஓடியது. உன் கண் அதிலேயே நின்றது. பிறகு நீயே, "வேணாம்லா. படுத்திருக்கிறவ கண்ணுக்கு ஆகாது" என்றாய்.

பம்புதான் நேரம் எடுத்தது. அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை நீ வரி விடாமல் படித்தாய். ஆனால் எல்லாப் பெட்டியிலும் சத்தமில்லை என்றுதான் எழுதியிருந்தது. "எழுத்த நான் படிச்சிட்டேன். சத்தத்த நீ கேளு" என்று என்னை முன்னால் தள்ளினாய். கடைக்காரம்மா ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு பம்பாக ஓடவிட்டாள். ஒன்று காதுக்குள் புகுந்த கொசு. ஒன்று தூரத்தில் லோரி ஏறுகிற மாதிரி. மூன்றாவதைக் குனிந்து கேட்டேன், ஓடுகிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. "இது" என்றேன். இரண்டு அங்கிளும் சேர்ந்தால்தான் ஒரு கஸ்டமர் போலிருக்கிறது என்று மலாயில் சொல்லி அவள் சிரித்தாள். நீ அதை வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

பொருத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மின்சாரம் மூளைக்குப் போகாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, மூட்டுகளில் எல்லாம் டிஸ்யூ சுற்றி, எது நனைகிறது என்று காலையிலிருந்து பார்த்தோம். அடுத்த வீட்டு பாய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து கூடவே உட்கார்ந்துவிட்டார். நீ பம்பு அதிராமல் இருக்க அடியில் வைக்க ஒரு ரப்பர்ச் சிலிப்பரை வெட்டினாய். தங்கச்சி பார்த்துவிட்டாள்.

"அது என் சிலிப்பரு."

நீ கத்தியோடு அப்படியே நின்றாய்.

"இனிமே நான் நடக்கமாட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

பாய் ரொட்டியைப் பார்த்தார். நான் டேங்கியைப் பார்த்தேன். நீ சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், புதுச் சிலிப்பர் ஒரு ஜோடி வாங்கி வந்து அவள் கட்டிலுக்கு அடியில், காலை இறக்கினால் படுகிற இடத்தில் வைத்தாய். அவள் குனிந்து பார்க்க முடியாது. "என்ன கலரு?" என்று மட்டும் கேட்டாள். "பச்சை" என்றாய்.

டிஸ்யூ எதுவும் நனையவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை முன்னால் வைத்து, மெசினைப் போட்டாய். படம் வந்தது. சத்தம் இல்லை. பாய் கையை விசிறிக்கு நேரே வைத்துப் பார்த்து, "காத்து வருது, சத்தத்தக் காணோமே" என்றார். நீ எங்கள் முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டாய். உனக்கென்ன, முன்னும் பின்னும் ஒன்றுதான்.

"இப்ப தூங்கு" என்று அவளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாய். கொஞ்ச நேரம் போயிருக்கும். "இருக்கீங்களா?" என்றாள் அவள். உனக்குக் கேட்கவில்லை, அது உன் இடது பக்கம். "இருக்கான்மா" என்றேன். மறுபடி கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கீங்களா?" அன்று சாயங்காலம்வரை அவள் கண் மூடவில்லை.

மறுநாளும் அப்படியே என்று கேட்டு அவளிடம் போய் உட்கார்ந்தேன்.

"என்னம்மா இது, சத்தம் இருந்தாலும் தூக்கம் இல்ல, இல்லாட்டியும் இல்லைன்னா எப்படி?"

"சத்தம் தொல்லைதான் அண்ணே. ஆனா அது கேட்டா அவரு பின்னால இருக்காருன்னு தெரியும். இப்ப சுவத்தப் பாத்துப் படுத்திருக்கேன், வீட்டுல யாரும் இல்லாத மாதிரி இருக்கு. கூப்புட்டாலும் அவருக்குக் கேக்காது."

அதை உன்னிடம் சொன்னபோது நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். இவ்வளவு தேடி எடுத்த பம்பு. நான் கண்ணாடி டேங்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்தின நாள் அதை நிரப்பும்போது, நிறைகிற வரைக்கும், மேலிருந்து திரும்பி வருகிற தண்ணீர் உள்ளே விழுந்து ஒரு சத்தம் போட்டது எனக்கு ஞாபகம் வந்தது. நிறைந்ததும் நின்றுவிட்டது.

"ஒரு விரல் தண்ணிய எடு மச்சான்."

"வீடியோவுல முழுசா நிரப்பணும்னு சொல்றான்டா. காத்து உள்ள போயிரும்."

"டேங்கிதான் இவ்வளவு உயரமா இருக்கே. வீடியோக்காரன் வந்து இங்க தூங்கப் போறானா?"

நீ பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்தாய். கொஞ்சம் எடுத்து என்னைப் பார்ப்பாய், நான் தலையாட்டுவேன், இன்னும் கொஞ்சம். பிறகு அந்தச் சத்தம் வந்தது. வேகமாகவும் இல்லை, விட்டு விட்டும் இல்லை.

"கேக்குதா?" என்றாய்.

"கேக்குது."

"எப்படி இருக்கு?"

"வயலுக்கு மடை தொறந்து விட்டுட்டு, நாம கொஞ்சம் தள்ளி வந்து நின்னா கேக்குமே, அந்த மாதிரி."

நீ டேங்கியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கேட்கிறவன் மாதிரியே உட்கார்ந்திருந்தாய். கட்டிலிலிருந்து, "இது போதும்" என்று ஒரு குரல். அதற்குப் பிறகு பேச்சில்லை. எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். "குறட்டையா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "நல்ல வேளை, எனக்குக் கேக்கல" என்றாய்.

நீ போன பிறகு அந்தக் கணினியில் கல்யாணம் எதுவும் ஓடுவதில்லை. உன் மகள் வேலையை ஜித்ராவிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டு அம்மாவோடு இருக்கிறாள். சும்மா எதற்கு மெசினை ஓட்டிக்கொண்டு என்று, கைப்பேசியில் அருவிச் சத்தம் போட்டுக் காட்டியிருக்கிறாள். "இது வேற தண்ணி" என்றாளாம் தங்கச்சி. அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மகளே பொத்தானை அமுக்கிவிட்டு வேலைக்குப் போகிறாள்.

தண்ணீர் காய்ந்துகொண்டே வரும் என்று கடைக்காரம்மா சொன்னது சரிதான். பெட்ரோல் ஸ்டேசனில் பேட்டரித் தண்ணீர் ஒரு புட்டி வாங்கி, மாதாமாதம் வந்து ஊற்றுகிறேன். அளவு எதுவும் எழுதி வைக்கவில்லை, என் விரல் இருக்கிறது. அந்தக் கயிறும் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. மருமகள் துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து மேசைமேல் வைப்பாள், நான் திரும்பப் போட்டுக்கொள்வேன்.

இன்று காலை மெசினை ஓடவிட்டு ஊற்றியபோது கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது. சத்தம் நின்றது. உடனே பின்னாலிருந்து, "அண்ணே, அதிகமா ஊத்திட்டீங்க" என்று கேட்டது. நான் உறிஞ்சி எடுப்பதற்குள் நாலுகால் கம்பைத் தரையில் ஊன்றுகிற சத்தம். எழுந்து, நின்று நின்று, உன் நாற்காலிவரை வந்து துணியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். காலில் பச்சைச் சிலிப்பர், குதிகால் பக்கம் தேய்ந்திருக்கிறது.

முதல்முதலில் இந்தத் தண்ணீர் ஓடிய நாளில் கூடத்தில் இருந்தவர்களை மருமகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்கிறவனைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ரொட்டி கொண்டுவந்த பாய், ஊரெல்லாம் கதவை அடைத்துக்கொண்டு இருந்த வருடத்தில் போனார். நீ போன வருடம் போனாய். மீதி யார் என்று கேட்டாள். முதலில் போய்விடுவாள் என்று நாம் பயந்துகொண்டிருந்தோமே, அவள்தான், மச்சான். உன் நாகம்மா.